விசிறியா ஊசியா

எதையும் அவள் ஒருமுறைதான் சொல்வாள். இரண்டாம் முறை கேட்டால் பதில் வராது. காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாலும் வராது. வேண்டுமென்றே ஏழு தடவை சோதித்திருக்கிறேன். ஏழு தடவையும் வரவில்லை.

தொட்டி மீன்களில் ஆண் எது, பெண் எது என்று பிரிப்பது அவள் வேலை. கடலூரில் தேவனாம்பட்டினம் தாண்டி ஒரு குப்பம். எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அங்கே பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கலர் மீன் வளர்க்கப் பதினைந்து நாள் பயிற்சியும் பன்னிரண்டு சிமெண்ட் தொட்டிகளும் கொடுத்திருந்தது. பத்துப் பேரும் மீனைப் பார்த்துப் பிறந்தவர்கள்தான். ஆனால் குழம்புக்கு ஆகாத மீனைத் தவிடு போட்டு வளர்ப்பதில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் ரத்த அழுத்தத்தால். நூற்று எழுபதுக்கு நூறு. மீன் தொட்டி ஒன்று வாங்கி வைத்துத் தினமும் அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். அது 2006. ஆறு கருப்பு மோலி வாங்கினேன். இருபத்திரண்டாம் நாள் பத்தொன்பது இருந்தன. ஐம்பத்தோராம் நாள் நாற்பத்து மூன்று. மோலி முட்டையிடாது, குட்டி போடும். முப்பத்தாறு வருடம் புள்ளியியல் அலுவலகத்தில் கிணறுகளையும் மாடுகளையும் கணக்கெடுத்தவன் நான். கண் முன்னால் ஒரு தொகை தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டே போனால் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செடிக்குப் பின்னால் நிற்பவற்றை விட்டுவிட்டோமோ என்று மறுபடி எண்ணுவேன். அழுத்தம் நூற்று எண்பதுக்குப் போனது.

"டாக்டர் மீனப் பாக்கத்தான் சொன்னார், கணக்கெடுக்கச் சொல்லல" என்றாள் என் மனைவி.

பெண் மீன் மட்டும் இருந்தால் பெருகாது என்று முடிவு செய்தேன். இருந்ததையெல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணாகப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பவர் யாரென்று விசாரித்தேன். எல்லோரும் அந்தக் குப்பத்தைக் கை காட்டினார்கள்.

கப்பி மீனில் ஆணைக் கண்டுபிடிப்பது குழந்தைக்கும் முடியும். வால் முழுக்க நிறம் இருக்கும். கருப்பு மோலியில் இரண்டும் ஒரே கரி. அடிவயிற்றில் பின்பக்கம் உள்ள சிறு துடுப்பைப் பார்க்க வேண்டும். அது விரிந்து முக்கோணமாக இருந்தால் பெண். சுருங்கிக் கூர்மையாகப் பின்னோக்கிப் படுத்திருந்தால் ஆண். பெரிய மீனில் நான்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிடுவேன். ஒன்றரை மாதக் குஞ்சில் அந்தத் துடுப்பு எள்ளில் பாதி இருக்கும். அவள் கைவலையில் ஒன்றை எடுப்பாள், ஈர உள்ளங்கையில் ஒரு புரட்டு, "விசிறி" என்பாள். அடுத்தது, "ஊசி". விசிறி என்றால் பெண், ஊசி என்றால் ஆண். விசிறி வலப்பக்கத் தொட்டிக்கும் ஊசி இடப்பக்கத் தொட்டிக்கும் போகும். நிமிடத்துக்குப் பதினான்கு. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பெரிய மீனில் ஐந்து விசிறியைப் பிரித்துப் பையில் விட்டாள்.

"அஞ்சும் பொண்ணுதானேம்மா?" என்று கேட்டேன்.

"பொண்ணுதான் சார்."

"நல்லாப் பாத்தியா? அஞ்சுமே பொண்ணுதானே?"

அவள் பையின் வாயை ரப்பர் பேண்டால் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்ற அவள் கணவன் சிரித்தான். மெலிந்த ஆள், படகுக்குப் போகாத நாட்களில் தொட்டிகளுக்குத் தண்ணீர் தூக்குவான்.

"அவ ஒரு வாட்டிதான் சார் சொல்லுவா. என்னியக் கட்டிக்கிறேன்னே ஒரு வாட்டிதான் சொன்னா. அப்புறம் கேட்டா மொறைக்கிறா. அஞ்சு வருசமா அந்த ஒண்ண வெச்சுத்தான் குடும்பம் ஓடுது."

"குடத்த எறக்கு" என்றாள் அவள். இறக்கினான்.

இருபத்தேழாம் நாள் என் தொட்டியில் பதினாறு குட்டிகள் இருந்தன.

ஐந்தையும் ஒரு குண்டானில் போட்டு எடுத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போனேன். குண்டான் தளும்பிச் சட்டை முழுக்கத் தண்ணீர். குழுப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்தே கேட்டேன். "ஒரு ஆண் கலந்திருக்கு. இல்லாட்டி எப்படிம்மா குட்டி வரும்? உலகத்துல நடக்குமா?"

அவள் ஐந்தையும் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டி என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். விசிறி என்று சொல்லவில்லை. அது ஏற்கெனவே சொன்னது. ஐந்தும் முடிந்த பிறகு புதிதாக ஒன்று சொன்னாள்.

"உள்ளயே வெச்சிருக்கும் சார். ஆம்பள மீனு பக்கத்துல இல்லாட்டியும் நாலஞ்சு மாசத்துக்குக் குட்டி போடும்."

"அத அன்னிக்கே சொல்றதுதானே?"

"நீங்க பொண்ணான்னுதான் கேட்டீங்க."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தும் நம்பவில்லை. மாவட்ட நூலகத்தில் மூன்று நாள் தேடி ஒரு பழைய மீன் வளர்ப்புப் புத்தகத்தில் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. ஒரு சேர்க்கையை வைத்துக்கொண்டே ஐந்தாறு ஈற்று ஈனுமாம். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். போய் அவளிடம் "நீ சொன்னது சரி" என்று சொல்லவில்லை. அதற்காக ஆறு கிலோமீட்டர் போக வேண்டுமா என்று தோன்றியது. போயிருக்க வேண்டும்.

வேறு காரணத்துக்காகப் போனேன். குழுவில் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை என்பது என்னைத் தூங்கவிடவில்லை. எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைதோறும் வந்து நான் எழுதுகிறேன் என்றேன். அவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் விசிறி, ஊசி என்று சொல்லச் சொல்ல நான் நோட்டில் கோடு போடுவேன். மேலே அன்றைய தேதி, வானிலை, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் இருக்கும். நூற்று மூன்று சனிக்கிழமைகள் போயிருக்கிறேன்.

ஒருநாள் அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், காலையில் பிரித்த மீன்களில் இருபதைப் பிரிக்காத தொட்டியில் போட்டுவிட்டேன். அதே மீனுக்கு அதே பதில் வருகிறதா என்று பார்க்கத்தான். திரும்பி வந்து வலையைப் போட்டாள். முதலில் வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதக் காலையில சொல்லிட்டேன்" என்று வலையைத் தொட்டிமேல் கவிழ்த்துவிட்டு எழுந்துபோனாள். அந்தச் சனிக்கிழமை வேறு வேலை நடக்கவில்லை. வால் ஓரம் கிழிந்திருந்த மீன் அது என்று பிற்பாடுதான் கவனித்தேன்.

தெரியாததைத் தெரியாது என்பதிலும் அப்படித்தான். சிதம்பரத்திலிருந்து ஒரு கலர் மீன் கடைக்காரர் வந்திருந்தார். தட்டையாக, நீண்ட செட்டைகளோடு மெதுவாகப் போகும் ஏஞ்சல் மீனில் ஒரு ஜோடி கேட்டார். முட்டையிடும் நாள் வருகிறவரை ஏஞ்சலில் யாராலும் ஆண் பெண் சொல்ல முடியாது.

"தெரியாது சார்" என்றாள்.

"ஒரு குத்துமதிப்பா சொல்லும்மா. மத்தவங்கல்லாம் சொல்றாங்களே."

"அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் வாங்காமல் போய்விட்டார். குழுப் பெண்களுக்குக் கோபம். எதையாவது இரண்டைப் பிடித்துக் கொடுத்திருந்தால் என்ன என்று சண்டைக்கு வந்தார்கள். சண்டையை முடிக்க ஒருத்தி, ஆறு மாதக்காரி, தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "மீன உடு. என் வயித்துல இருக்கறது விசிறியா ஊசியா, அதச் சொல்லு."

"எடுத்துப் பொரட்டிக் காட்டு, சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். கல்யாணமாகி ஆறு வருடமாக அவளுக்குக் குழந்தை இல்லை. வயிற்றைப் பற்றிய பேச்சு அவளிடம் போகாமல் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று அவளே அதைத் தாண்டிவிட்டாள்.

2007 தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் அவள் கணவன் இன்னும் இரண்டு பேரோடு படகில் போனான். போனவர்கள் மூவரும் வரவில்லை. ஒன்பது நாள் மற்றப் படகுகள் தேடின. ஒரு மஞ்சள் டீசல் கேன் மட்டும் கரை ஒதுங்கியது. அது அந்தப் படகுடையதுதானா என்றே இரண்டு கருத்து இருந்தது.

மூன்று சனிக்கிழமை அவள் தொட்டிப் பக்கம் வரவில்லை. நான்காவது சனிக்கிழமை வந்து வலையை எடுத்தாள். நோட்டைப் பிரித்துத் தேதி எழுதினேன். "ஊசி" என்றாள். கோடு போட்டேன். அன்று நூற்றுப் பதினெட்டு மீன்.

மார்கழியில், தான் முழுகாமல் இருப்பதாக அவள் நாத்தனாரிடம் சொன்னாளாம். ஒருமுறை. அந்த நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா. மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்கிறவள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் அந்தச் செய்தியைக் குப்பம் முழுக்கச் சொன்னாள். தம்பி திரும்பி வரும்போது பிள்ளை இருக்கும் என்றாள். தம்பி வரமாட்டான் என்று யாராவது சொன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவாள். நாத்தனாரும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நாத்தனார் தினமும் அவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரி கார்டில் பிரசவத்துக்கு ஒரு தேதி போட்டிருந்தார்கள். அங்கே அந்தத் தேதிக்கு இருக்கும் மரியாதையை நான் எதற்கும் பார்த்ததில்லை. "டேட்டு குடுத்துட்டாங்க" என்பார்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்ததுபோல. அந்தத் தேதி வந்தது. வலி வரவில்லை. இரண்டு நாள், நான்கு நாள், ஏழு நாள் போயிற்று. நாத்தனார் முகம் மாறிக்கொண்டே வந்ததைக் குழுப் பெண்கள் சொன்னார்கள். லேட்டாக முடிகிறதென்றால் லேட்டாக ஆரம்பித்திருக்கும் என்று யாரோ ஒருத்தி ஏலக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் போனவனுக்கு அதற்குப் பிறகு ஆரம்பித்த பிள்ளை எப்படி வரும் என்பது மீதி. அதை வாய்விட்டுச் சொல்லவே வேண்டியதில்லை.

கார்டுத் தேதிக்குப் பதின்மூன்றாம் நாள், வலி வரச் சொட்டு மருந்து ஏற்றி, பெண் குழந்தை பிறந்தது.

முப்பதாம் நாள் தொட்டில். அப்பாவின் அக்காவோ தங்கையோதான் குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அத்தை தூக்கினால்தான் அந்தக் குழந்தை அந்த வீட்டுப் பிள்ளை. என்னையும் அழைத்திருந்தார்கள். அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போனேன். விட்டத்தில் புடவைத் தொட்டில் கட்டியிருந்தது. குழந்தை பாயில் கிடந்தது. நாத்தனார் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் லட்டு டப்பாவை வாங்கவில்லை. நானே அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

"கற்பூரம் கொளுத்தி அதும்மேல சத்தியம் பண்ணட்டும். நான் தூக்குறேன்" என்றாள் நாத்தனார்.

அவள் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அவருதுன்னு மார்கழியிலயே சொல்லிட்டேன்" என்றாள்.

"இப்ப சொல்லு. இத்தினி பேருக்கு முன்னாடி சொல்லு."

அவள் சொல்லவில்லை. தட்டில் கற்பூரம் வைத்து அவள் முன்னால் நகர்த்தினார்கள். அது எரிந்து தீர்ந்தது. இன்னொரு கட்டி வைத்தார்கள். அதுவும் தீர்ந்தது. நான் மனதுக்குள், சொல்லும்மா, சொல்லித் தொலையேன், என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாம் முறை சொல்லாதவள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அன்று அது வேறுமாதிரி இருந்தது.

அவள் மாமனாருக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. தயவான மனிதர். என் பக்கம் திரும்பினார். "படகு போனது எந்தத் தேதின்னு இவுங்களுக்குள்ள ஒரு சண்ட. தீவாளி கழிஞ்சு ரெண்டுங்கறா ஒருத்தி, மூணுங்கறா ஒருத்தி. சாரு நோட்டுல இருக்கும். தேதியச் சொல்லுங்க சார்."

தேதியைத்தான் கேட்டார். பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்தேன். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் என்று பார்த்துச் சொன்னேன். அதோடு மூடியிருக்கலாம். ஆனால் தேதி கையில் இருக்கிறது, குழந்தை பிறந்த தேதியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று முன்பே எண்ணி வைத்திருந்தேன். ஏன் எண்ணினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மகள் நர்சிங் படித்தபோது வாங்கிய புத்தகத்தில் கரு தரித்ததிலிருந்து பிரசவம் வரை இருநூற்று அறுபத்தாறு நாள் என்று போட்டிருந்ததும் நினைவில் இருந்தது.

"அன்னிலேருந்து கொழந்த பொறந்தது வரைக்கும் இருநூத்தி எழுபத்தொம்பது நாள்" என்றேன். "புத்தகத்துல இருநூத்தி அறுபத்தாறு. பதிமூணு நாள் கூடுதல்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாத்தனார் அழ ஆரம்பித்தாள். தலையில் அடித்துக்கொண்டு, "எந்தம்பி வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்" என்றாள். அது நடிப்பில்லை. மாமனார் தரையைப் பார்த்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். வால் கிழிந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அன்று பார்த்தாளே, அதே பார்வை. பிறகு எழுந்தாள், புடவைத் தொட்டிலின் முடிச்சை அவிழ்த்தாள். பிரசவித்த உடம்போடு விட்டத்துக்கு எட்டி எட்டித்தான் அவிழ்த்தாள். யாரும் உதவவில்லை, நானும்தான். அந்தப் புடவையிலேயே குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு தொட்டிகள் இருந்த கொட்டகைக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொன்னேன். மனைவி லட்டு டப்பாவைப் பார்த்தாள். "ஒங்களத் தேதிதானே கேட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது அவள் இல்லை. கிள்ளைப் பக்கம் அவள் அம்மா வீடு. அங்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு தொட்டிகளில் ஒன்பதில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தன. பிரிக்க ஆளில்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். மீன் வளர்ந்த பிறகு பார்த்தால், அறுபதில் இருபத்திரண்டு தப்பு. அந்த வருடக் கடைசியில் தொட்டிகள் காலியாயின.

நான்கு மாதம் கழித்து, அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், டாக்டருடைய மனைவியைக் கேட்டேன். அவர் பிரசவ டாக்டர். யாரோ ஒருவருடைய விஷயம்போலக் கேட்டேன். அவர் சிரித்தார். "கார்டுல போடற தேதி ஒரு குத்துமதிப்பு சார். ரெண்டு வாரம் முன்னப் பின்ன ஆகறது சர்வ சாதாரணம். முதல் பிரசவம்னா கேக்கவே வேணாம். இதையெல்லாம் போயி யாராவது எண்ணுவாங்களா?"

அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நீங்கதான சார் சொன்னீங்க?"

"நான் தப்பாச் சொல்லிட்டேம்மா."

"எழுதி வெச்சுப் படிச்சீங்களே சார். எழுதுனது எப்பிடி தப்பாவும்? அவ மேல பாவப்பட்டு இப்ப மாத்திச் சொல்றீங்க."

பிறகு பதினோரு முறை போனேன். நான்காவது முறையிலிருந்து அவள் என்னை உட்காரச் சொல்வதில்லை. எட்டாவது முறை, போகும்போது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. தம்பி வந்து கேட்பான் என்று இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு நான் கொடுத்தது.

கிள்ளையில் விசாரித்தேன். சிதம்பரத்தில் ஏதோ கலர் மீன் கடையில் வேலைக்குப் போகிறாள் என்றார்கள். எந்தக் கடை என்று தெரியவில்லை. சிதம்பரத்துக்குக் கல்யாணம், கருமாதி என்று எதற்குப் போனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி மீன் கடைகளைப் பார்ப்பேன். ஐந்து கடைகளில் அவள் இல்லை. 2012 ஆனியில், கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆறாவது கடையில் இருந்தாள். அன்று ஏஞ்சல் ஜோடி கேட்டு, கிடைக்காமல் போனாரே, அவருடைய கடை. தெரியாது என்று சொன்ன ஆள்தான் தனக்கு வேண்டும் என்று அவரே கிள்ளைக்குப் போய் அழைத்து வந்தாராம். அதை அவர்தான் சொன்னார்.

அவள் தரையில் உட்கார்ந்து குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோடு போட யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு சிறு பெண் சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தது. நெற்றியும் மெலிந்த கழுத்தும் குடத்தோடு வாசலில் நின்றவனுடையவை. நான் எண்ணத் தெரிந்தவனே தவிர, முகஜாடை பார்க்கத் தெரிந்தவன் இல்லை. எனக்கே தெரிந்தது.

"வாங்க சார்" என்றாள்.

நான்கு வருடமாகத் தயாரித்து வைத்திருந்ததை நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் பதிமூணு நாள் ஒரு விஷயமே இல்லயாம்மா. டாக்டர் சொன்னாங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார்."

"ஒங்க நாத்தனார் கிட்டப் போயிச் சொன்னேன். பன்னண்டு வாட்டி போயிருக்கேன்."

"நான் சொன்ன ஒரு வாட்டியே அவுங்களுக்குப் பத்தல. பன்னண்டு வாட்டி சொன்னா பத்துமா?"

கை நிற்கவில்லை. ஒரு குஞ்சு வலப்பக்கம் போனது, ஒன்று இடப்பக்கம். எனக்கு நிற்கத் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. குழந்தையின் தலையைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல், "கொழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டேன்.

"நீங்களே எண்ணிக்குங்க சார்."

குரலில் கோபம் இல்லை. விசிறி என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மூன்று வருடம், பத்து மாதம், நான்கு நாள் என்று உள்ளே தானாக ஓடி நின்றது.

"எத்தினி வேணும்?" என்றாள்.

"அஞ்சு. கருப்பு மோலி."

"விசிறியா ஊசியா?"

"விசிறி."

ஐந்தைப் புரட்டிப் பையில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். ஐந்தும் பெண்தானே என்ற கேள்வி வாய் வரை வந்தது. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இருபத்தாறாம் நாள் காலையில் மனைவி காப்பியோடு வந்து தொட்டிமுன் நின்றாள். நான் அவளுக்கு முன்பே எழுந்து அங்கே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்ப் பரப்பில், செடி ஓரத்தில், தூசிபோல அசைந்துகொண்டிருந்தன.

"ஆம்பள மீன் ஒண்ணு கலந்துடுச்சா?"

"இல்ல. அஞ்சும் பொண்ணுதான்."

"குட்டி எத்தன இருக்கு?"

"எண்ணல" என்றேன்.

அவள் டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

முப்பத்தொன்று. ஒருமுறைதான் எண்ணினேன்.